ஆண்டறிக்கை: இந்த வருஷம் பெரும்பாலும் ஆற்றைப் பற்றி

அங்கத்தினர் எல்லோருக்கும் வணக்கம். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், தமிழ் வகுப்பு வழக்கம்போல் சனிக்கிழமைகளில் நடந்தது, தீபாவளிச் சாப்பாடு நன்றாக இருந்ததாக நீங்களே சொல்லிவிட்டீர்கள். மீதி அறிக்கை முழுக்க நம் டர்பன் வழியாக ஓடும் உம்கேனி ஆற்றைப் பற்றித்தான், ஏனென்றால் செயற்குழுவில் குரல் உயர்ந்ததும் அதற்காகத்தான்.

ஆடிக் கஞ்சிக்குக் கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குப் போவதா, கோயில் குழாயடியிலேயே முடித்துக்கொள்வதா என்பதுதான் சண்டை. பெரியவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கரையில் காய்கறித் தோட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்கள் நம்முடையவை. 1917 அக்டோபர் வெள்ளத்தில் இதே ஆற்றோரம் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டு டின் டவுன் குடியிருப்பில் படகிறக்கி 176 பேரைக் கரைசேர்த்த ‘படவாடன் சிக்ஸ்’ என்ற ஆறு பேரின் கதையை யாரும் மறக்கவில்லை. இளையவர்கள் 2022 ஏப்ரல் வெள்ளத்தைக் காட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையங்களும் பம்ப் நிலையங்களும் அடிபட்டு, கழிவுநீர் ஆற்றிலும் கடலிலும் கலந்து, டர்பன் கடற்கரைகளையே மூட வேண்டி வந்ததே, அந்தத் தண்ணீரிலா குழந்தைகளை இறக்குவது என்று கேட்டார்கள்.

சரி, விசாரித்துப் பார்ப்போம் என்று குழு போட்டோம். சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக வேலை செய்தாலே போதும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருந்தோம். தொட்டிகளில் காற்றடித்து, நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்னவைத்து, வண்டலைப் படியவிட்டு, கடைசியில் குளோரின் போட்டு ஆற்றில் விடுகிறார்கள். அப்படி விடும் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000 மலக்கிருமிகள் வரை இருக்கலாம் என்பது தென்னாப்பிரிக்காவின் பொது வரம்பு. ஆனால் ஆள் இறங்கி முழுகும் தண்ணீரில் ஈ.கோலை என்ற மலக்கிருமி அதே 100 மில்லிலிட்டருக்கு 130க்குள் இருக்க வேண்டும் என்கிறது இதே நாட்டு வழிகாட்டி! நடுவே இருக்கும் வித்தியாசத்தை ஆற்றுத் தண்ணீர்தான் கலந்து குறைத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் ஆடி என்றால் காவிரி பெருகும் நேரம். இங்கே அது குளிர்காலம், மழை அற்றுப்போன மாதங்கள், உம்கேனி இளைத்து ஓடும். வடக்குச் சுத்திகரிப்பு நிலையத்துத் தண்ணீர் இதே ஆற்றில்தான் விழுகிறது, நாம் இறங்கும் இடம் அதற்குக் கீழே. தைப்பூசத்துக்கு வேறு தொல்லை, அது இங்கே மழைக்காலம், சாக்கடை மூடிகள் பொங்கும்.

பொங்குவதில் நம் பங்கும் உண்டு, கோபிக்காதீர்கள். தீபாவளி முடிந்த வாரம் நம் தெருவில் மூடி பொங்கியதே, அடைப்பெடுக்க வந்தவர்கள் உள்ளேயிருந்து இழுத்துப் போட்டது முறுக்குச் சுட்ட எண்ணெய் உறைந்த கட்டியும் குழந்தைகளைத் துடைத்த ஈரத்தாளும். கூரை மழைநீரைக் கழிவுக் குழாயில் இணைத்த வீடுகளும் நம்மிடையே இருக்கின்றன. மழைநீருக்கு வேறு வடிகால், கழிவுக்கு வேறு குழாய் என்றுதான் இங்கே ஏற்பாடு, இரண்டையும் சேர்த்துவிட்டால் ஒரு பெருமழைக்கே குழாய் தாங்காது.

உம்கேனியில் வந்து சேரும் பால்மியட் ஓடையில் இளைஞர் பிரிவு மினிசாஸ் முறையில் பூச்சி எண்ணியது. கல்லுக்கடியில் என்னென்ன பூச்சி இருக்கிறது என்று பார்த்து ஓடையின் நலத்துக்கு மதிப்பெண் போடும் முறை அது, பள்ளிப் பிள்ளைகளே செய்யலாம். சுத்தத் தண்ணீரில் மட்டும் வாழும் கல்பூச்சி ஒன்றுகூட அகப்படவில்லை, அட்டையும் புழுவும்தான். கழிப்பறை போதாத ஆற்றோரக் குடிசைகளைக் குறை சொல்வது நம் ஆட்களுக்குச் சுலபம், ஆனால் பிள்ளைகள் எண்ணிய இடம் குடிசைகளுக்கு மேலே, தோட்டம் வைத்த வீடுகள் இருக்கும் பக்கம்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆய்வுக்கூடத்தில் கொடுத்த தண்ணீர் 130ஐத் தாண்டியிருந்ததால் இந்த ஆடியில் கரகத்துக்குக் குழாய்த் தண்ணீர், கரையில் பூசை மட்டும், யாரும் இறங்கவில்லை. சிலருக்கு மனக்குறைதான், எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனாலும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகு சம்பிரதாயம் பேசுவதைவிட இது மேல் என்பது என் கருத்து.

வரும் வருஷத்துக்குச் செயற்குழு வைக்கும் தீர்மானம்: பந்தல் செலவில் ஒரு பகுதியை எடுத்து, தைப்பூசத்துக்கும் ஆடிக்கும் முன்னால் ஆற்றுத் தண்ணீரைப் பரிசோதிப்பது. கிருமி வளர்த்து எண்ண ஒரு நாள் பிடிக்கும் என்பதால் மாதிரியை இரண்டு நாள் முன்னதாகவே கொடுக்க வேண்டும், அதற்குக் கார் வைத்திருக்கும் ஒருவர் தேவை. பழைய எண்ணெய் சேகரிக்க மகளிர் பிரிவு மண்டப வாசலில் டிரம் வைக்கச் சம்மதித்திருக்கிறது, மூடி போட்டதாக வாங்குங்கள், போன தடவை குரங்குகள் வந்து கவிழ்த்துவிட்டன. தீர்மானத்தை வழிமொழிய ஒருவர் எழுந்தால் வாக்கெடுப்புக்குப் போகலாம்.

செயலாளர்