மாவடுவும் 8 கிலோமீட்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை என்று 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' நல்ல திட்டம்தான். ஆனால் நடந்து முடித்தவர்கள் நேரே போவது டீக்கடைக்கு. கையில் சுடச்சுட மெதுவடை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ரத்த அழுத்தம் 150-ஐத் தொட்ட பிறகுதான் உப்பைக் கவனித்தேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சாம்பார், ரசம், பொரியலோடு மோர்சாதத்துக்கு மாவடு, மோர்மிளகாய், அப்பளமும் சேர்ந்தால் கணக்கு எங்கே நிற்கும்? வீட்டில் மாவடுவை நிறுத்திவிட்டோம் (மனைவிக்கு இன்னும் கோபம்).

பாக்கெட் தின்பண்டங்களில் உப்பின் அளவை முன்பக்கமே பெரிதாக அச்சிட உத்தரவிட வேண்டும். பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடியவில்லை.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்