பூங்கொடிக்கு, கிரோனிங்கனிலிருந்து

கிரோனிங்கன்
பிப்ரவரி 9

அன்புள்ள பூங்கொடி,

ஐந்து மாதம் ஆகிவிட்டது. நீ அனுப்பிய மூன்று குரல் செய்திகளையும் கேட்டேன். மூன்றாவதில் பேச்சே இல்லை, பெருமூச்சு மட்டும்தான். அந்தப் பெருமூச்சுக்குத்தான் இந்தக் கடிதம். ஒவ்வொரு முறையும் பதில் போட போனைக் கையில் எடுப்பேன். சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்காது என்று கீழே வைத்துவிடுவேன். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேனியிலிருந்து பஸ் பிடித்து வந்து இரண்டு நாள் கூடவே இருந்தாயாம், தம்பி சொன்னான். நன்றி சொன்னால் அடிப்பாய், சொல்லவில்லை. வாணி தன் பெண்ணுக்கு வைத்த பெயரையும் கேள்விப்பட்டேன். மொட்டைமாடிச் சத்தியத்தை அவளாவது காப்பாற்றினாளே!

இங்கே நெதர்லாந்தில் நான் நலம். டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை நாலே காலுக்கே இருட்டியது. அந்த மாதம் கொஞ்சம் கஷ்டம்தான். இப்போது பரவாயில்லை. ஊரே சைக்கிளில் போகிறது, நானும் போகிறேன். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்கிறார்கள். அது மட்டும் இன்னும் வாயில் வரவில்லை, மின்னஞ்சலில் எழுதிவிடுகிறேன். பத்துக்கு எட்டு மதிப்பெண் வந்தாலே பெரிய விஷயம். எனக்கு ஒரு பாடத்தில் ஏழரை. நீ சந்தோஷப்படலாம்.

சரி, நான் இங்கே படிக்கிற உளவியல் முதுநிலைப் படிப்பைப் பற்றி நீ கேட்டதற்கு வருகிறேன். "எனக்கும் கிடைக்குமா, விண்ணப்பிக்கட்டுமா?" என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். ஆனால் சில விஷயங்கள் எனக்கு யாரும் சொல்லவில்லை. உனக்கு நான் சொல்லிவிடுகிறேன். நம்முடைய மூன்று வருட பி.எஸ்.சி.யை ஐரோப்பாவில் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுடைய இளநிலைப் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்லை. தபால் வழியில் முடித்த எம்.எஸ்.சி.தான் எனக்குக் கை கொடுத்தது. உனக்கும் அது இருக்கிறது. அடுத்து, புள்ளியியலும் ஆய்வு முறையும் எவ்வளவு படித்தாய் என்று துருவுவார்கள். மார்க் ஷீட்டில் 'ஸ்டாடிஸ்டிக்ஸ்' என்ற ஒரு சொல் இருந்தால் போதாது; எந்த அலகில் என்ன பாடம், எத்தனை மணி நேரம் என்று முத்திரையோடு வேண்டும். அந்த முத்திரைக்காக நான் ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்தேன். ஆறு தடவையும் 'சார் லீவு'. அதனால் அதை இப்போதே தொடங்கிவிடு. ஏன் இதைப் படிக்க விரும்புகிறாய் என்று ஒரு கடிதம் கேட்பார்கள். அதில் சின்ன வயதிலிருந்தே மனித மனத்தின் மீது ஆர்வம் என்றெல்லாம் எழுதாதே. மாவட்ட மனநலத் திட்டத்தில் நீ ஊர் ஊராகப் போய்ப் பார்த்த வேலையை எழுது. அதை எழுத உன்னைவிட்டால் யார்?

பணம்தான் பெரிய தலைவலி. ஐரோப்பிய மாணவர்களுக்கு வருடக் கட்டணம் இரண்டாயிரத்துச் சொச்சம் யூரோ. நமக்கு அது பல மடங்கு. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது, உனக்குத் தெரியும். படிப்பு ஒரே வருடம், 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 28 மணி நேர உழைப்பு என்று கணக்கு. பெருக்கிப் பார், 1,680 மணி நேரம். அதைவிடக் கூடவே ஆகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மருத்துவ உளவியல்தான் வேண்டும் என்பாய். நானும் அதை நினைத்துத்தான் வந்தேன். இங்கே நோயாளியோடு உட்கார்ந்து பேசுகிற பயிற்சி என்றால் பெரும்பாலும் டச்சு தெரிந்திருக்க வேண்டும். முதலில் கோபம் வந்தது. யோசித்தபோது நியாயம் என்று பட்டது. துக்கத்தில் இருப்பவரிடம் அவர் மொழி தெரியாதவளை எப்படி உட்கார வைப்பார்கள்? தவிர, ஊர் திரும்பினால் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து மருத்துவ உளவியலாளர் என்று பதிவு செய்ய முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பு தனியாக வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வா. தெரியாமல் வந்து அழாதே. நான் அக்டோபரில் அழுதேன்.

அப்புறம்தான் அது நடந்தது. இவ்வளவு எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

வகுப்பில் படிக்க ஒரு கட்டுரை கொடுத்தார்கள். 2010இல் ஹென்ரிக், ஹைனே, நொரென்சயான் மூவரும் எழுதியது. உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டவர்களில் 96 சதவீதம் பேர் உலக மக்கள்தொகையில் 12 சதவீதமே உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கை எடுத்து வைத்து, இதைக் கொண்டு எப்படி 'மனித மனம்' என்று பொதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதில் முதல் உதாரணங்களில் ஒன்று என்ன தெரியுமா? நம் முல்லர்-லையர் கோடுகள்! பிராக்டிகல் ரெக்கார்டின் முதல் பரிசோதனை. ஒரு கோட்டின் முனைகளில் அம்பு, இன்னொன்றில் அதைத் திருப்பிப் போட்ட மீன் வால். நீளம் ஒன்றுதான், ஆனால் மீன் வால் வைத்தது நீளமாகத் தெரியும். அந்த மரப்பலகையை வைத்துக்கொண்டு என்னை இருபது தடவை கோட்டை இழுத்துச் சமமாக்கச் சொன்னாயே. இருபதிலும் ஏமாந்தேன், இருவரும் சிரித்தோம். எல்லா மனிதரும் ஏமாறுவார்கள் என்றுதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாரும் ஒரே அளவு ஏமாறுவதில்லையாம். 1966இலேயே வேறு ஆய்வாளர்கள் பல சமூகங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்களுக்கு அந்த மயக்கம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நேர்க்கோணச் சுவர்களுக்குள் வளர்ந்த கண்தான் இதில் அதிகம் ஏமாறுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை மறுத்து வாதிடுபவர்களும் உண்டு.

அந்தக் காரணத்தின் வேரைத் தேடி ஒரு சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்தேன். இந்த வேலைக்கெல்லாம் முன்னோடியாக ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1905இல் எழுதிய கட்டுரை வந்தது. யாரை அளந்திருக்கிறார் தெரியுமா? நம் நீலகிரித் தோடர்களை! 1901-02இல் ஊட்டிப் பக்கம் வந்து தங்கி இதே கோடுகளைக் காட்டியிருக்கிறார். ஆங்கிலேயர்களைவிடத் தோடர்கள் குறைவாகவே ஏமாந்தார்கள். பூங்கொடி, எனக்குக் கை நடுங்கிவிட்டது. காலேஜ் டூரில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே ஏறி அந்தத் தோடர் குடியிருப்பைப் பார்த்தோமே, அரைப் பீப்பாய் மாதிரி வளைந்த வீடு, தவழ்ந்து போகிற வாசல். அங்கே நின்று நாம் கடலை தின்றோம். ரெக்கார்டில் இருந்த கோட்டுக்கும் அந்த வளைந்த கூரைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நமக்கு யாருமே சொல்லவில்லையே! மலை ஏறினால் வருகிற இடம். நான் நெதர்லாந்தின் வடக்குக்கு வந்து தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் படிக்கிற கட்டடத்துக்கு ஹேமன்ஸ் பெயர். 1892இல் இந்த நாட்டின் முதல் உளவியல் ஆய்வகத்தை இந்த ஊரில் தொடங்கியவர். அவரும் 1896இல் இதே கோடுகளை அளந்து கட்டுரை எழுதியிருக்கிறார். அடுத்த வாரம் வகுப்பில் இதையெல்லாம் சொன்னேன். முதல் முறையாகக் கையைத் தூக்கிப் பத்து நிமிடம் பேசினேன். தோடர் வீட்டைப் பலகையில் வரைந்து காட்டினேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில் இல்லை. நான் வேலை பார்த்த பள்ளியில் என்னிடம் வந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் நினைவு வந்துவிட்டது. உன்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஆங்கிலக் கேள்வித்தாளை வரிக்கு வரி தமிழாக்கி வைத்துக்கொண்டு, "மனச்சோர்வாக உணர்கிறாயா?" என்று கேட்டேன். "மனசுக்கெல்லாம் ஒண்ணுமில்ல மிஸ், வயித்துலதான் ஏதோ பிசையுது" என்றாள். வயிற்றுக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை. கூட்டிப் பார்த்தேன், மதிப்பெண் குறைவாக வந்தது. வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். அரைப் பரீட்சைக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. அவள் சரியாகத்தான் சொன்னாள். கேட்கத் தெரியாதவள் நான்.

ஆய்வேட்டுக்கு இதையே எடுத்துக்கொண்டேன். ஆங்கிலத்திலிருந்து இறக்காமல், நம் ஜனங்கள் வாயில் வருகிற சொல்லிலிருந்து ஒரு கேள்விப் பட்டியல். நெஞ்சு பாரம், உடம்பு அசதி, எதுலயும் ஒட்டல, ராத்திரி கண்ணை மூடினா திக்குனு இருக்கு. இப்படி. வழிகாட்டி ஒப்புக்கொண்டுவிட்டார். உன் உதவி இல்லாமல் இது நடக்காது. ஒன்பது வருடமாக அந்த ஓ.பி.யில் உட்கார்ந்து கேட்டவள் நீ. நோயாளிகளின் பெயர், ஊர், கதை எதுவும் எனக்கு வேண்டாம். நெறிமுறைக் குழு அதற்கு விடாது, விடவும் கூடாது. உன் காதில் நின்ற சொற்களை மட்டும் எழுதி அனுப்பு. தேனிப் பக்கத்துச் சொல் பொள்ளாச்சியில் இருக்காது. அதையும் குறித்து வை. பட்டியல் தயாரானதும், என் ஆங்கில வடிவத்தைப் பார்க்காமல் தமிழை மட்டும் படித்து நீ ஆங்கிலத்தில் திருப்பி எழுத வேண்டும். எங்கே பொருள் நழுவுகிறது என்று அப்போதுதான் பிடிபடும். 1970இல் பிரிஸ்லின் இந்த முறையை விளக்கி எழுதியதிலிருந்து பலரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மார்ச் முடிவதற்குள் முதல் தவணை வர வேண்டும். வேலை அதிகம், தெரியும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அரை மணி நேரம் போதும். உன் விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரைவையும் அதோடு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
சாந்தி

பின்குறிப்பு: நம் பிராக்டிகல் ரெக்கார்டு உன் டிரங்குப் பெட்டியில்தான் இருக்க வேண்டும். என்னை உட்கார வைத்து எடுத்த அந்த இருபது அளவுகளையும் ஒரு போட்டோ பிடித்து அனுப்பு.