பச்சோந்தியைப் பிழைக்க வைத்த தெருவாருக்கு

நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவிலுள்ள எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் கொல்லையில் கிடந்த பச்சோந்தி பிழைத்துவிட்டது. வீடு வீடாக நன்றி சொல்லப் போனால் காபி குடித்தே வயிறு கெட்டுவிடும், அதனால்தான் இந்த மடல்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 'எவனோ கல்லால் அடித்துவிட்டான்' என்று அன்றைக்கு நான் சத்தம் போட்டது தப்பு. அதன் பின்னங்காலை இறுக்கியிருந்தது, பாகற்கொடிக்கு நான் கட்டிய நைலான் வலையின் நூல். எதிர்வீட்டுத் தம்பிகள் இருவரும் மன்னிக்க வேண்டும். அவர்களைத்தான் முறைத்தேன்.

முருங்கை மரத்தடியில் கரிக்கட்டை நிறத்தில், நடுப்பகலில் இரண்டு கண்ணையும் மூடிக் கிடந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தோம். பெரிய தம்பி போனில் பார்த்து 'இது சாலமாண்டர்' என்றான். அது தவளைக்குச் சொந்தக்காரன், நம் நாட்டில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் இருப்பது. இங்கே நாகமலை வெயிலில் ஒரு நாள் தாங்காது. அப்பத்தாவோ 'விஷம்டா, தொடாதே' என்று அலறியது. பச்சோந்திக்கு விஷம் கிடையாது, சீறிப் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

சிரட்டையில் தண்ணீர் வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இங்க் பில்லரால் வாயில் ஊற்றப் போனபோது கால்நடை மருத்துவர் போனிலேயே திட்டினார்: "நுரையீரலுக்குள் போய்விடும், நிறுத்துங்க! இலையில் தெளிச்சா அதுவே நக்கிக்கும்." அப்போது சலூன் அண்ணன் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் பாட்டிலோடு ஓடி வந்தார். வேப்பங்கொத்தில் துளித்துளியாகத் தெளித்தார். அரை மணி நேரம் கழித்து ஒரு கண் மட்டும் திறந்து எங்களைப் பார்த்தது, இன்னொன்று மூடியே இருந்தது. இரண்டு கண்ணும் தனித்தனியாக வேலை செய்யும் என்று படித்திருக்கிறேன். நேரில் பார்த்தது அன்றைக்குத்தான்.

தகவல் சொன்னதும் மறுநாள் காலையிலேயே வந்த வனக்காவலருக்கு நன்றி. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இதை வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது என்று அவர் சொன்னபோது சின்னத் தம்பியின் முகம் வாடிவிட்டது. மருத்துவரிடம் ஒப்படைத்தோம். இடுக்கி மாதிரி இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்திருக்கும் விரல்களுக்கு நடுவே நூல் சதைக்குள் புதைந்திருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து, சின்னக் கத்தரியால் இழை இழையாக எடுத்தார். பீஸ் எவ்வளவு என்று கேட்டதற்கு, "வலையை அவுத்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். அவிழ்த்துவிட்டேன் டாக்டர்.

ஐந்து நாளும் தீப்பெட்டியில் வெட்டுக்கிளி பிடித்துக்கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அந்தத் தம்பிகள்தான். பூச்சிமருந்து அடிக்காத வயல் பார்த்துப் பிடிக்கச் சொன்ன மேலவீட்டு மதினிக்கும் நன்றி.

வனக்காவலர் முன்னிலையில் அதே கொல்லைக்கு அடுத்த வேலிமரத்தில் விட்டோம். ஓர் அடி வைக்கும், காற்றில் ஆடும் இலை மாதிரி முன்னும் பின்னும் ஆடும், அப்புறம் அடுத்த அடி. பாதி மரம் ஏறுவதற்குள் கறுப்பு வெளுத்துப் பச்சையாகிவிட்டது. அப்பத்தா கடைசிவரை நின்று பார்த்தது. கேட்டால் இல்லை என்று சொல்லும்.

சலூன் அண்ணே, பாட்டில் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன், எனக்கும் முடி வெட்ட வேண்டும்.