மாத்திரை இலவசம்தான், கூலிக்கு என்ன வழி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் 31 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மார்ச் 24, காசநோய் தினத்தன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் 'காசநோயைக் குணப்படுத்த முடியும்' என்று அட்டை பிடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாகப் போனார்கள். அந்த அட்டையில் இருந்தது உண்மைதான். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகி, இன்றைக்கும் எதிரில் வந்தால் நின்று பேசிவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அந்த ஆறு மாதத்தைத் தாண்ட யாரால் முடிகிறது, யாரால் முடியவில்லை என்பதையும் கண்ணால் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன்.

2018-ல் ஒரே லைன் வீட்டு வரிசையில் இரண்டு பேருக்குச் சளிப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்தது. இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. ஒருவர் நூல் மில்லில் நிரந்தர வேலை. இன்னொருவர் ஐந்து பேர் வேலை செய்கிற சின்னத் தறிக்குடோனில் தறி ஓட்டுபவர். இருவருக்கும் ஒரே மாத்திரை. கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

மில்காரருக்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்தது. முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வங்கிக் கணக்கில் ஏறியது. காசநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலை செய்தவர்களுக்கு அதற்கு அப்புறம் 80 சதவீதம் வரும், அவருக்கும் வந்தது. வீட்டில் இருந்து நேரத்துக்குச் சாப்பிட்டார், மாத்திரை போட்டார். ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ ஏறி, மறுபடி மில்லுக்குப் போனார்.

தறிக்காரருக்கு அது கிடையாது. பத்துப் பேராவது வேலை செய்கிற இடத்துக்குத்தான் இ.எஸ்.ஐ. பொருந்தும். எடை பார்த்தபோது அவர் 41 கிலோ. அந்த எடைக்குத் தினமும் மூன்று மாத்திரை. முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்ததால் வேலைக்குப் போகாமலும் இருக்க முடியாது. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். "வெறும் வயித்துல போட்டா குமட்டுதுங்க நர்ஸம்மா, தறிகிட்ட நிக்க முடியறதில்லீங்க" என்றார். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள் என்றேன். என்ன சாப்பிடுவது என்று நான் கேட்கவில்லை. ஒரு டீயும் பன்னும்தான் அவருடைய காலைச் சாப்பாடு என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது மாதம் நான் போனபோது அவர் வீட்டில் இல்லை. அவர் மனைவி அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு மாத்திரை அட்டைகளை எடுத்து என் மடியில் போட்டார். அரிசி மாவு ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது நாள் மாத்திரை உடைக்காமல் அப்படியே இருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் பார்த்தால் காலி செய்யச் சொல்லிவிடுவாரே என்று அரிசிக்குள் மறைத்து வைத்திருக்கிறார்கள். இருமல் குறைந்ததும் அவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். ராத்திரி ஷிப்டில் குமட்டலோடு நிற்பதைவிட அது லேசு. பதிவேட்டில் 'மருந்தை இடையில் விட்டவர்' என்று எழுதினேன். அவரையும் திட்டினேன். அந்தத் திட்டு இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. மறுபடி சிகிச்சை தொடங்கியும் பலனில்லாமல் அடுத்த வருடம் ஆடி மாதம் இறந்துபோனார்.

பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கிருமி, ஒரே மாத்திரை. வித்தியாசமெல்லாம் சம்பளத்தோடு கூடிய ஓய்வில்தான் இருந்தது. லண்டனில் 1967 முதல் அரசு ஊழியர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. மைக்கேல் மார்மட் என்கிற மருத்துவர் அதில் முக்கியமானவர். இலவச மருத்துவம் உள்ள நாடு, எல்லோருமே அரசு வேலைக்காரர்கள். அப்படியும் கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் மேல்நிலை அதிகாரிகளைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. எங்கள் லைன் வீட்டில் நான் பார்த்ததும் இதைத்தான்.

பெருந்துறை சானடோரியத்தை, அந்தக் காலத்துக் காசநோய் ஆஸ்பத்திரியை, பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே மருந்தோடு ஓய்வும் வேளாவேளைக்குச் சாப்பாடும் கிடைத்தது. வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1956-ல் சென்னையில் தொடங்கிய ஆய்வு உலகத்துக்கே காட்டியது. நல்ல காரியம், குடும்பத்தைப் பிரிந்து கிடக்க வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை வீட்டுக்கு வந்த அளவுக்குச் சாப்பாடு வரவில்லை. நோயாளிக்கு அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பணம் அப்போது மாதம் 500 ரூபாய். 2024 நவம்பர் முதல் 1,000. ஒரு நாளைக்கு 33 ரூபாய். உயர்த்தியதை வரவேற்கிறேன், ஆனால் நின்றுபோன கூலிக்கு அது ஈடாகாது.

சாப்பாடு கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்த விஷயம்தான். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். கூடுதல் உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நுரையீரலில் வந்து பிறருக்குத் தொற்றுகிற வகையைத் தனியாகப் பார்த்தால் 48 சதவீதம். 2023-ல் வெளியான முடிவு இது. நம் ஊரில் ரேஷன் கடையில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய். கடை இருக்கிறது, கார்டு இருக்கிறது. நோயாளி இருக்கிற வீட்டுக்கு மட்டும் ஆறு மாதம் கூடுதலாகப் பருப்பும் எண்ணெயும் முட்டையும் கொடுக்க முடியாதா? முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்தில்தானே இருக்கிறது! எந்த வீடு என்று ஊருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும், அது ரொம்ப முக்கியம்.

அப்புறம் கூலி. பத்துப் பேருக்குக் குறைவான தறிக்குடோன், பனியன் ஜாப் ஒர்க் செட்டுகளில் வேலை செய்கிறவர்களுக்கு, மாத்திரை சாப்பிடும் முதல் இரண்டு மாதமாவது தொழிலாளர் நல வாரியம் வழியாகக் கூலியில் பாதியைக் கொடுக்கலாம். நான்கு விதமான மருந்து சேர்ந்து போகிற காலம் அது. உடம்பு தாங்காத காலமும் அதுதான். இந்த மாவட்டத்து மக்கள் பிரதிநிதிகள் இதைச் சட்டமன்றத்தில் பேச வேண்டும் என்று உங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இறந்துபோனவரின் மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அதே குடோனில் தறிக்கு நூலைத் தார் சுற்றுகிறான். போன மாதம் சந்தையில் பார்த்தபோது இருமிக்கொண்டே இருந்தான். எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வாரம் என்றான். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சளி கொடுத்துவிட்டு வா கண்ணு என்றேன். "ஞாயித்துக்கிழமை பார்ப்பாங்களாங்க?" என்று கேட்டான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பல்லடம்.