ஜீவனாம்சத் தீர்ப்பில் எழுதாமல் விடப்படும் வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விவாகரத்து வழக்கில் மனைவிக்குக் கோடிக்கணக்கில் ஜீவனாம்சம் என்று செய்தி வரும் நாளிலெல்லாம், பேருந்திலும் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சாக இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் 5 கோடி ரூபாய் வழங்கச் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது. அந்தத் தொகை பெரிதா சிறிதா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, குடும்ப நல நீதிமன்ற மனுக்களைத் தட்டச்சு செய்தும் தாக்கல் செய்தும் ஓய்வு பெற்றவன் என்ற முறையில், நம் ஊர்களில் மாதம் ஐயாயிரத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நடக்கும் ஏராளமான வழக்குகளில் யாரும் கவனிக்காமல் விட்டுவிடும் ஒன்றைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். தொகை எவ்வளவு என்பதற்கு நடக்கும் பேரத்தில் நூறில் ஒரு பங்குகூட, அந்தத் தொகை பத்து ஆண்டுகள் கழித்தும் கைக்கு வருமா, வந்தால் அன்றைக்கு அதற்கு என்ன மதிப்பு இருக்கும் என்பதற்கு நடப்பதில்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, வழக்கு நடக்கும் காலத்துக்கான இடைக்கால ஜீவனாம்சத்தைப் பற்றியது. 25ஆவது பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றியது. இரண்டின் கீழும், பொருளாதார வலு இல்லாத கணவரும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. 25ஆவது பிரிவின்படி, தீர்ப்பு வழங்கும்போதோ அதற்குப் பின்னர் எப்போது வேண்டுமானாலுமோ, மொத்தத் தொகையாகவோ மாதத் தொகையாகவோ, கேட்பவரின் ஆயுட்காலம் வரைக்கும் நீதிமன்றம் உத்தரவிடலாம். தேவைப்பட்டால் எதிர்த்தரப்பின் அசையாச் சொத்தின் மீது அத்தொகைக்குப் பொறுப்பு ஏற்படுத்தவும், அதாவது அந்தச் சொத்தையே தொகைக்கு ஈடாகக் கட்டி வைக்கவும், அப்பிரிவு இடம் தருகிறது. சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ மனுச் செய்யலாம். பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ முடியும். 1955இல் எழுதப்பட்ட சட்டம் இவ்வளவையும் யோசித்திருக்கிறது; ஆனால் மனு எழுதும் நாங்கள் யோசிப்பதில்லை என்பதே என் குறை. நான் பார்த்த நிரந்தர ஜீவனாம்ச மனுக்களில் பெரும்பாலானவற்றில் சொத்தின் மீது பொறுப்புக் கோரும் வரியே இருக்காது. பழைய மாதிரிப் படிவத்தில் அந்த வரி இல்லை, ஆகவே புதிய மனுவிலும் இருக்காது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் நிலைமை இன்னும் மோசம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதியர் 13பி பிரிவின் கீழ் கூட்டாக மனுச் செய்து, ஆறு மாதம் கழித்து மீண்டும் நேர்நின்று சம்மதம் சொல்ல வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தக்க வழக்குகளில் நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பேசி முடித்த தொகையில் ஒரு பகுதியை முதலில் டி.டி.யாகக் கொடுத்து, மீதியை இரண்டாவது முறை ஆஜராகும் நாளில் நீதிபதி முன்னிலையில் கொடுப்பதே பொதுவான வழக்கம். அந்தக் கூட்டு மனுவில் கட்டாயம் ஒரு பத்தி வரும்: "மனுதாரர்கள் இருவருக்கும் ஒருவர் மீது ஒருவருக்குக் கடந்தகால, நிகழ்கால, எதிர்கால ஜீவனாம்சம் கோரும் உரிமை ஏதும் இல்லை." அதற்குக் கீழே கையெழுத்திடும் பெண், அந்தப் பத்தியைப் படித்து நான் கண்டதே அரிது. "இன்னைக்கே முடிஞ்சிருமாண்ணே?" என்பதுதான் கேள்வியாக இருக்கும். ஐந்தாறு ஆண்டுகள் வாய்தாவுக்கு அலைந்து சலித்தவர் அப்படிக் கேட்பதில் வியப்பில்லை. ஜீவனாம்ச உரிமையை ஒப்பந்தத்தின் மூலம் முழுவதுமாகக் கைவிட முடியாது என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன என்றாலும், மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பின்னாளில் அதைச் சொல்லி வெல்வது நீண்ட பாதை. குழந்தையின் பராமரிப்பு உரிமை தனியானது, அதைத் தாய் எழுதிக் கொடுத்து இழக்க முடியாது. அப்படியிருந்தும், தாயின் பங்கு எவ்வளவு, பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் ஒரே எண்ணாகப் போட்டுவிடுகிறோம்.

விவாகரத்தோடு போய்விடுபவை எவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விவாகரத்தான பெண், முன்னாள் கணவரின் சொத்துக்கு வாரிசு ஆவதில்லை. அவர் அரசு ஊழியராக இருந்து இறந்தால், விதவைக்குரிய குடும்ப ஓய்வூதியமும் இவருக்கு வராது. மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும் என்ற பொதுச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்வதற்கான பங்களிப்பே என்று 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது பெரிய செய்திதான். ஆனால் ஒவ்வொருவரும் அதை வழக்காடித்தான் நிறுவியாக வேண்டும். ஆக, முப்பது ஆண்டு குடும்பம் நடத்தி ஐம்பத்தைந்து வயதில் பிரியும் ஒரு பெண்ணுக்கு மிஞ்சுவது அந்தத் தீர்ப்பு நகல் மட்டுமே. அதில் என்ன எழுதப்பட்டிருக்கிறதோ அதுதான் அவருடைய முதுமை.

இப்போது தொகைக்கு வருகிறேன். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாகக் கொண்டால், இன்று மாதம் 8,000 ரூபாய் என்று எழுதப்படும் ஜீவனாம்சம் 12 ஆண்டுகள் கழித்து இன்றைய 4,000 ரூபாய்க்கான பொருளைத்தான் வாங்கும். கொடுப்பவரின் சம்பளம் அதற்குள் ஊதியக் குழுவாலும் அகவிலைப்படியாலும் உயர்ந்திருக்கும். கூட்டிக் கேட்க வழி இருக்கிறதே என்று சொல்லலாம். அந்த வழி என்பது மீண்டும் ஒரு மனு, மீண்டும் சம்மன், மீண்டும் வாய்தா. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவது பிரிவின் கீழ் மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஜீவனாம்சம் வழங்கக் கூடாது என்று உச்சவரம்பு எழுதி, அதை 2001இல்தான் மத்தியச் சட்டத்திலிருந்து நீக்கினார்கள். சட்டத்தில் உறைந்து கிடந்த தொகையை நீக்க அத்தனை ஆண்டுகள் ஆயின. தனித்தனித் தீர்ப்புகளில் உறைந்து கிடக்கும் தொகைகளை யார் நீக்குவது?

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கிடைத்திருக்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், மறுமணம் செய்யாமல் தனித்து வாழும் ஒரு பெண்ணுக்கு மாதம் 50,000 ரூபாய் நிரந்தர ஜீவனாம்சமும், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதில் 5 சதவீத உயர்வும் வழங்கியது. உயர் நீதிமன்றம் தந்திருந்தது 20,000 ரூபாயும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீதமும். செய்திகளில் 50,000 என்பதுதான் கொட்டை எழுத்தில் வந்தது. என் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம், தானாக உயரும் அந்த ஏற்பாடு. இரண்டு ஆண்டுக்கு 5 சதவீதம் விலைவாசிக்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனாலும் தொகை கூட வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் படியேற வேண்டியதில்லை. நம் மாவட்டங்களில் 8,000 ரூபாய்க்கு எழுதப்படும் உத்தரவிலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம். அதைச் சேர்க்கும்படி மனுவிலேயே கேட்க வேண்டும்.

வசூல் பற்றியும் சொல்லியாக வேண்டும். முன்பு சொன்ன 125ஆவது பிரிவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 2024 ஜூலை 1 முதல் 144ஆவது பிரிவாகிவிட்டது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான வழி இது. 1985இன் ஷா பானு தீர்ப்பில் தொடங்கிய வழக்காட்டத்தின் நீட்சியாக, விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் இப்பிரிவின் கீழ் கோரலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. நிலுவை ஏற்பட்ட தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால், அந்த நிலுவைக்கு இப்பிரிவின்படி வாரண்டு பிறப்பிக்க முடியாது. "பிள்ளை பரீட்சை முடியட்டும்" என்றும் "தை பிறக்கட்டும், தந்துவிடுகிறேன் என்கிறார்" என்றும் பொறுத்துப் பொறுத்து மூன்று ஆண்டுப் பாக்கியோடு வருபவரிடம், கடைசி ஓராண்டுக்குத்தான் இந்த வழி திறந்திருக்கிறது என்று சொல்வதைப் போல் சங்கடமான வேலை குமாஸ்தாவுக்கு வேறில்லை. பணம் கட்டாமல் சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று சில ஆண்கள் நினைப்பதும் தவறு. சிறைவாசம் நிலுவையை அழிக்காது என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. 25ஆவது பிரிவின் கீழான உத்தரவோ சிவில் தீர்ப்பாணையைப் போல் நிறைவேற்றத் தக்கது. அதற்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டம் அனுமதிக்கிறது. சொத்தின் மீது பொறுப்பு ஏற்படுத்திய உத்தரவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றில் ஏற்றிவிட்டால், அந்த மனையையோ வீட்டையோ ஓசையில்லாமல் விற்றுவிட்டு நகர்வது எளிதாக இருக்காது.

கிராமங்களில் இன்னும் பஞ்சாயத்தில் உட்கார்ந்து முத்திரைத்தாளில் "தீர்த்து" எழுதி வாங்கும் பழக்கம் இருக்கிறது. சாதி வழக்காறு என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாலொழிய அந்தத் தாள் இந்துக்களுக்கு விவாகரத்து ஆகாது. அதை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்கள் பட்ட பாடு தனிக் கடிதத்துக்கு உரியது.

ஆண்கள் தரப்பின் மனக்குறைகளையும் நான் அறிவேன். வேலைக்குப் போகும் மனைவி சம்பளத்தை மறைப்பதும், ஒரே தேவைக்கு மூன்று சட்டங்களின் கீழ் மூன்று மனுக்கள் போடுவதும் நடக்கத்தான் செய்கின்றன. 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இரண்டுக்கும் மருந்து சொன்னது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும்; ஒரு சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டதை இன்னொரு வழக்கில் வெளிப்படுத்தி, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்; ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்தே வழங்கப்பட வேண்டும். நடைமுறையில் அந்தப் பிரமாணப் பத்திரத்தில் பாதிக் கட்டங்களில் "பொருந்தாது" என்று எழுதி வருகிறார்கள், யாரும் திருப்பித் தருவதில்லை. வங்கிக் கணக்கு விவரம் இணைக்காத பத்திரத்தை அலுவலகத்திலேயே திருப்பினால் வழக்கின் காலம் கணிசமாகக் குறையும். வேலை இழந்த கணவரும் பணம் கட்டுவதைத் திடீரென நிறுத்திவிட்டு வாரண்டு வந்தபின் ஓடி வருகிறார். நிறுத்துவதற்கு முன்பே குறைக்கக் கோரி மனுச் செய்ய அவருக்கும் அதே 25ஆவது பிரிவில் உரிமை இருக்கிறது.

என் வேண்டுகோள் சிறியது. பரஸ்பர சம்மத மனுவில் இரண்டாவது முறை ஆஜராகும் நாளுக்கு முன், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு ஒரு பக்கத் தமிழ் அறிவிப்பை இரு தரப்புக்கும் தர வேண்டும். எந்த உரிமையைக் கைவிடுகிறீர்கள், குழந்தையின் பங்கு எது, தொகை உயருமா, கட்டத் தவறினால் எதன் மீது வசூல் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே மனு விசாரணைக்கு எடுக்கப்பட வேண்டும். ஏற்கெனவே தீர்ப்புப் பெற்று, பழைய தொகையிலேயே காலம் தள்ளும் பெண்கள், அதை உயர்த்தக் கோரி மனுச் செய்ய இன்றும் தடையில்லை. பெண்களுக்கு, வருமானம் எதுவானாலும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலோ, நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைக்குழு அலுவலகத்திலோ கேட்கலாம். போகும்போது தீர்ப்பு நகலையும், பணம் வந்ததைக் காட்டும் வங்கிப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வழக்கறிஞர் குமாஸ்தா,
மதுரை.