பாஸ்வேர்டு எல்லாம் கிடைத்துவிட்டது

அன்புள்ள கண்ணா,

நேற்று போனில் நீ பதறிய அளவுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. கம்ப்யூட்டரில் ஃபயர்பாக்ஸ் பிரவுசருக்குள் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டு எல்லாம் கிடைத்துவிட்டது. அப்பாவின் பழைய மெயிலும் திறந்துவிட்டது. அதற்குக் கொடுத்திருந்த போன் நம்பர் இப்போது நம்மிடம் இல்லை, ஓடிபி வர வழியே கிடையாது. ஈபி பில், எல்ஐசி பாஸ்வேர்டு எல்லாம் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். அப்பாவின் மெயிலுக்காகத்தான் விடாமல் தேடினேன்.

சர்வீஸுக்கு வந்த பையன் பழைய 32 பிட் ஃபயர்பாக்ஸை எடுத்துவிட்டு 64 பிட்டை ஏற்றினான். திறந்தால் எல்லாம் காலி. "போனது போனதுதான், விண்டோஸையே புதுசா போட்டுடலாம்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிஸ்க்கை ஃபார்மட் செய்திருந்தால் நிஜமாகவே போயிருக்கும்.

ஃபயர்பாக்ஸை நீக்கினாலும் நம் விவரங்கள் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் அழியாது. 2019இல் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, வேறு ஃபோல்டரில் ஏற்றினால் அது தனக்கென்று புது புரொஃபைல் போட்டுக்கொள்கிறது. 32 பிட்டும் 64 பிட்டும் வேறு வேறு ஃபோல்டரில் போய் உட்காருபவை. அவ்வளவுதான் நடந்தது.

முகவரி அடிக்கும் இடத்தில் அபௌட், கோலன், புரொஃபைல்ஸ் என்று இடைவெளி விடாமல் அடித்தேன். டிஃபால்ட் ரிலீஸ், டிஃபால்ட் ரிலீஸ் 1 என்று இரண்டு இருந்தன. ஒவ்வொன்றின் ஃபோல்டரையும் திறந்து பார்த்தேன். புதியதில் லாகின்ஸ் டாட் ஜேசன் என்ற ஃபைலே இல்லை. பழையதில் அது இருந்தது, கீ4 டாட் டிபியும் பக்கத்திலேயே இருந்தது. பழைய புரொஃபைலைத் தனி விண்டோவில் திறந்ததும் புக்மார்க் உட்பட எல்லாம் வந்து நின்றன. அதையே டிஃபால்ட் ஆக்கிவிட்டேன். மெயிலுக்குள் போனதும் முதல் வேலையாக என் போன் நம்பரைச் சேர்த்தேன்.

அந்த இரண்டு ஃபைலும் சேர்ந்தே இருக்க வேண்டும், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். லாகின்ஸ் ஃபைல் பூட்டிய பெட்டி என்றால் கீ4 அதன் சாவி. புது கம்ப்யூட்டருக்கு ஒன்றை மட்டும் கொண்டுபோனால் ஒரு பாஸ்வேர்டும் தெரியாது. ஆனால் இரண்டும் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களும் திறந்துவிடலாம். அதனால் செட்டிங்ஸில், மற்ற எல்லா பாஸ்வேர்டையும் பூட்டி வைக்கும் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்று போட்டேன். அதை மறந்தால் மீட்க வழியில்லை என்பதால் உனக்கு மட்டும் நேரில் சொல்கிறேன். அப்புறம் ஃபயர்பாக்ஸை மூடிவிட்டு இரண்டையும் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். அது பீரோவில் இருக்கிறது.

எல்லாவற்றையும் எக்ஸ்போர்ட் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னாயே, அதை மட்டும் செய்ய மாட்டேன். அந்த சிஎஸ்வி ஃபைலில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக இருக்கும். திறப்பவர் யாராக இருந்தாலும் படித்துவிடலாம். நீயும் அப்படி எடுத்து டவுன்லோட்ஸில் போட்டு வைத்திருந்தால் இன்றே அழித்துவிடு, ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

அக்காவும் புது லேப்டாப் வாங்கப் போகிறாளாம். பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதற்கு முன் இந்த இரண்டு ஃபைலையும் எடுத்து வைக்கச் சொல். நான் சொன்னால் அப்புறம் பார்க்கலாம் என்பாள், நீ சொன்னால் கேட்பாள்.

அன்புடன்,
அம்மா