கோமுவுக்கு: மறுபடியும் எட்டு போடுகிறேன்

நாமக்கல்
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய பானைப் படத்துக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன். அதோடு நம் பேச்சு நின்றது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை, கணக்கு சரி. இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் கட்டுக்கு வரவில்லை. பையன் ஓசூரில் இருக்கிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறான். பிளஸ் டூ பேப்பர் திருத்தும் வேலை முடிந்தது. ஊர்க்கதை அவ்வளவுதான். இனி விஷயத்துக்கு வருகிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

பைக் வாங்கிவிட்டேன்.

ஸ்கூட்டி இல்லை, கியர் வைத்த பைக். ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350, கறுப்பு. மல்லியிடம் மட்டும் சொல்லிவிடாதே. அவளிடம் சொன்னால் நம் ஜாமெட்ரி டீச்சர் காதுக்குப் போகும். அவர் இந்த வயதிலும் போன் போட்டு, நான் எந்தக் கோணத்தில் சாய்கிறேன் என்று விசாரிப்பார்.

நீ முதலில் என்ன கேட்பாய் என்று தெரியும். கால் எட்டுமா? எட்டும். ஹாஸ்டல் குரூப் போட்டோ எல்லாவற்றிலும் முன்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவள் நான், அதனால் வண்டி பார்க்கப் போகும்போதே அளவு டேப்போடுதான் போனேன். ஹிமாலயன் 450 மீது ஒரு தடவை ஏறிப் பார்த்தேன். இருக்கை உயரம் 825 மில்லிமீட்டர். கட்டைவிரல் நுனி மட்டும் தரையைத் தொட்டது, மரியாதையாக இறங்கிவிட்டேன். மீட்டியோர் 765. இரண்டு பாதமும் முழுதாக ஊன்றுகிறது. அந்த 6 சென்டிமீட்டருக்காகத்தான் இந்த வண்டி என்று சொன்னால் இவர் நம்பவில்லை, நிறத்துக்காக வாங்கினேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேடிக்கை. என் லைசென்ஸ் நம் காலேஜ் காலத்து டிவிஎஸ் 50 லைசென்ஸ். அதை வைத்துக் கியர் இல்லாத வண்டிதான் ஓட்டலாம். கியர் வண்டிக்குத் தனியாக எல்எல்ஆர் போட்டு, 30 நாள் பொறுத்து, எட்டு போட்டுக் காட்ட வேண்டும். 48 வயதில் எல் போர்டு ஒட்டி, எங்கள் பள்ளி தமிழ் வாத்தியாரின் 100 சிசி வண்டியில் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவன் போன வருஷம் என்னிடம் இயற்பியல் படித்தவன். “மிஸ், யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?” என்றான். “என்னைத்தான்டா” என்றேன். பாவம், எட்டின் இடுப்பில் காலை ஊன்றிவிட்டான். நான் ஊன்றவில்லை. பிராக்டிகலில் அவனைக் காப்பாற்றினேன், இங்கே முடியவில்லை.

சரி, வண்டி. 191 கிலோ. நான் மூன்று பேர் சேர்ந்தால் வரும் எடை. நீ என்றால் இரண்டரைப் பேர் போதும். ஓடும்போது அந்த எடை இருக்கிற இடம் தெரியாது. நிறுத்தப் போகும்போதும், நின்றபின்னும், கையால் தள்ளும்போதும்தான் தெரியும். ஸ்கூட்டியில் இத்தனை வருஷம் நான் செய்ததெல்லாம், பேலன்ஸ் தப்பினால் காலால் தாங்கிக்கொள்வதுதான். இதைக் காலால் தாங்க முடியாது. சாய ஆரம்பித்த முதல் நொடியிலேயே பிடித்தால் உண்டு, அதைத் தாண்டிவிட்டால் விலகி நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். பிளஸ் ஒன்னுக்கு ஈர்ப்பு மையம் நடத்தும்போது கரும்பலகையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டுப் போய்விடுவேன். இந்த வருஷம் பிள்ளைகளைப் பைக்குக்கே கூட்டிப்போகப் போகிறேன்.

எங்கே போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன், கோமு. எந்தப் பக்கம் சரிவு, மணலா சரளையா, திரும்பக் கிளம்பும்போது முன்பக்கமாகவே வெளியேற முடியுமா என்று. இறக்கத்தில் சுவரைப் பார்த்து மூக்கை நுழைத்து நிறுத்திவிட்டால், பின்னால் இழுக்க நான்கு ஆள் தேட வேண்டும். பையில் ஒரு தட்டைக் கல் வைத்திருக்கிறேன். இந்த மே வெயிலுக்குத் தார் இளகி சைட் ஸ்டாண்டு உள்ளே இறங்கிவிடும், அதற்கு அடியில் வைக்க. ஒரு கல்யாண மண்டபத்தில் அந்தக் கல்லை எடுத்து வெளியே வைத்ததும் வாட்ச்மேன் இரண்டடி தள்ளி நின்றார்.

எங்கள் தெருப் பட்டறை பாய் ஒரு நல்ல காரியம் செய்தார். “விழாத வண்டி கிடையாது டீச்சர், முதல்ல தூக்கக் கத்துக்கங்க” என்று பழைய மெத்தை ஒன்றை விரித்து, புது வண்டியை அதன்மேல் படுக்க வைத்துவிட்டார். எனக்கு வயிறு கலங்கிப்போனது. ஆனால் சூட்சுமம் எளிது. என்ஜினை அணைத்து, உருளாமல் இருக்கக் கியரில் விட வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை முன்பே நீட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிய வேகத்தில் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையில் இடுப்பை முட்டுக்கொடுத்துக் குந்தி, ஒரு கையில் ஹேண்டில்பார், ஒரு கையில் பின்கம்பி. முதுகை வளைக்காமல், தொடையால் தள்ளிச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். எழுந்துவிடுகிறது! அத்தை திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, “இதில் பின்னால உட்கார்ந்தா எங்க புடிச்சுக்கறது?” என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி மைதானத்தில் தண்ணீர் பாட்டில்களை நட்டுவைத்து இதிலும் எட்டு போடுகிறேன். லைசென்ஸுக்குப் போட்ட எட்டு வேறு, இது வேறு. மெதுவாகப் போவதுதான் கஷ்டம். முன்பிரேக்கைத் தொட்டால் திருப்பத்தில் தலைகுப்புறச் சாய்கிறது. கிளட்சைப் பாதி பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, பின்பிரேக்கை லேசாக மிதித்தபடியே திரும்ப வேண்டும். தென்காசித் தேர் முனை திரும்பும்போது முட்டுக்கட்டை போடுகிறவரைப் பார்த்திருப்பாய். தேரை இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர், திருப்புகிறவர் அந்த ஒரு ஆள். பின்பிரேக் அவர்தான். இன்னொன்று பார்வை. முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவோம். அடுத்த பாட்டிலையும் பார்க்கக் கூடாது, தாடையைத் தோள்பக்கம் திருப்பி, போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். கண் போன பக்கம் வண்டி வருகிறது. ஏன் என்று இயற்பியலில் விளக்கலாம், விளக்கினால் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய்.

மற்றபடி சாதுவான வண்டி. 349 சிசி, 20 குதிரைத்திறன்தான், ஆனால் முழு இழுவையும் நிமிடத்துக்கு 4000 சுற்றிலேயே வந்துவிடுவதால் முறுக்க வேண்டியதில்லை. 5 கியர். முன்மிதியை விரலால் அழுத்தினால் கியர் இறங்கும், பின்மிதியைக் குதிகாலால் அழுத்தினால் ஏறும், ஷூ மேல்தோல் பிழைத்தது. என்ஜினுக்குள் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் அந்தப் பழைய உதறல் கிடையாது. உங்கள் அப்பாவின் புல்லட் கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா யானையா என்றே தெரியாது, இதில் நம்பரைப் படிக்கலாம். முதல் சர்வீஸ் 500 கிலோமீட்டரில். அதுவரை ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டாதே, ஏற்றி இறக்கி ஓட்டு என்றார்கள். அதற்குத் தோதாக எங்கள் ஊர் முழுக்க லாரி.

லாரிக்காரர்கள் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. என் மாணவி ஒருத்தியின் அப்பா டேங்கர் ஓட்டுகிறார். பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர் மார்க்கைப் பற்றிப் பேசாமல் எனக்குப் பாடம் எடுத்துவிட்டுப் போனார். “என் சைடு கண்ணாடியில என் மூஞ்சி உங்களுக்குத் தெரியலைன்னா, எனக்கு நீங்க இல்லவே இல்லை டீச்சர்.” அதிலிருந்து நெடுஞ்சாலையில் முகம் தேடித்தான் ஓட்டுகிறேன். பெட்ரோல் பங்கில்தான் கோபம் வருகிறது. “சார் எங்க மேடம், வண்டியை விட்டுட்டுப் போயிட்டாரா?” என்று ஒருவன். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே நின்றிருந்தேன், அப்படியும்.

கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்திருக்கிறார்கள், தேர்வு எழுதுவதுபோலவே பயம். இடது பக்க வளைவுதான் ஆளைக் கொல்லும். உள்பக்கம் குறுகி, செங்குத்தாக எழும்பி நிற்கும். நம் ஓரத்தை விடாமல், ஆனால் உள்மூலையை முட்டாமல், முதல் கியரோ இரண்டாவதோ முன்பே போட்டுக்கொண்டு நுழைய வேண்டும். நடுவில் கிளட்சைப் பிடித்தால் இழுவை போய்விடும், அங்கேதான் சாயும். வலது வளைவு அகலம், ஆனால் மேலே இருந்து வருகிறவன் குறுக்கே வெட்டுவான். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டம். பஸ் டிரைவர் ஒருவர் எனக்காக உண்மையிலேயே நிறுத்தி வழிவிட்டார். பத்தாவது வளைவுவரை வேர்த்தது, அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். சோளக்காட்டில் பலாச்சுளை தின்றேன். இறங்கும்போது இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே பிடித்துக்கொள்கிறது, பிரேக் சூடாகவில்லை.

இப்போது வேறு விஷயம். இதற்காகத்தான் கடிதம், மேலே உள்ளதெல்லாம் சும்மா.

அப்பாவின் புல்லட்டை உன் தம்பி இரும்புக் கடைக்குப் போடப் போகிறான் என்று மல்லி சொன்னாள். அப்பா காரியத்துக்கு வந்தபோது மாட்டுக்கொட்டகையில் அதைப் பார்த்தேன். மேலே வைக்கோல் கிடந்தது. அன்றைக்கு உன்னிடம் பேசுகிற பேச்சாக அது இல்லை. இப்போது கேட்கிறேன். போடாதே. வலதுகால் கியர், ஒன்று மேலே மூன்று கீழே, மின்னோட்டம் காட்டும் ஆம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு உதைக்கிற வண்டி. திருவொற்றியூரில் செய்தது. எனக்குக் கால் எட்டாதபோது அவர் வண்டியைத் திண்ணைப் படிக்கட்டோரம் கொண்டுவந்து நிறுத்தி, “படி இருக்கில்ல, அப்புறம் என்ன?” என்றார். உங்கள் பாட்டி வைதது அவர் காதில் விழவே இல்லை. நீயோ அதைக் குளத்தங்கரை முழுக்கச் சுற்றினாய். அப்புறம் ஏன் தொடவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எழுத வேண்டாம்.

விசாரித்துவிட்டேன். இறந்தவர் பெயரில் உள்ள வண்டியை வாரிசு பெயருக்கு மாற்றப் படிவம் 31. ஆர்சி, இன்சூரன்ஸ், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தம்பியின் சம்மதம். 3 மாதத்துக்குள் செய்திருக்க வேண்டும், தாமதத்துக்குப் பணம் கேட்டால் கட்டு. 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆர்சியை 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அப்பா கடைசியாக எப்போது செய்தார் என்று பீரோவில் பார். அதுவரைக்கும் டேங்கில் இருக்கிற பழைய பெட்ரோலை வெளியே எடுத்துவிடச் சொல். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டு, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். பிஸ்டன் ஒட்டியிருந்தால் தெரிந்துவிடும். யாரும் வீரம் காட்டி உதைக்கக் கூடாது.

சாரல் ஆரம்பித்ததும் வருகிறேன். கரூர், திண்டுக்கல், மதுரை, அப்புறம் திருமங்கலத்தில் திரும்பி ராஜபாளையம் வழி. 300 கிலோமீட்டருக்கு மேல் வரும். 15 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 35 கொடுக்கிறது, நடுவில் பெட்ரோலுக்கு நிற்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவுக்கு நிற்பேன். பாய் ஒரு பழைய புல்லட் மெக்கானிக்கின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறார், உங்கள் பக்கத்து ஆள்தான். நான் வரும் வாரம் அவரையும் வரச் சொல்கிறேன்.

புருவத்துக்கு ஒரு விரல் மேலே டேப் வைத்துத் தலையைச் சுற்றி அளந்து, மில்லிமீட்டரில் எழுதி அனுப்பு. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட் உனக்கு இங்கிருந்தே வாங்கி வருகிறேன். கொண்டையோடு அளக்காதே. தம்பியிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடாதே, அவனுக்கு இன்னும் என்மேல் அந்தப் பம்ப்செட் கோபம் இருக்கும்.

அன்புடன்,
ராஜி